ரைன் பள்ளத்தாக்கின் லிதியம்: நான் ஏன் கையெழுத்திடவில்லை



போன மாதச் சந்திப்பில் ஒரு மனு வாக்கெடுப்புக்கு வந்தது. தென்மேற்கு ஜேர்மனியின் மேல் ரைன் பள்ளத்தாக்கில் ஆழ்புவிவெப்பக் கிணறுகளையும், அவற்றின் நீரிலிருந்து லிதியம் எடுப்பதையும் முற்றாகத் தடைசெய்ய வேணும் எண்டு இங்குள்ள ஒரு குடிமக்கள் குழு எழுதிய மனு. எங்கட கூட்டும் கையெழுத்துப் போடவேணும் எண்டு கனபேர் சொன்னீர்கள். நான் எதிர்த்தேன். நேரம் போதாமல் முடிவு அடுத்த சந்திப்புக்குத் தள்ளிப்போனது. "எதிர்க்கிறதெண்டால் காரணத்தை எழுது, எல்லாரும் வாசிக்கட்டும்" எண்டு ஒரு தோழர் சொன்னார். அதுதான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேணும். நான் கார்ல்ஸ்ரூவவில் முதுகலை படிக்கிறேன். என்ர ஆய்வு, உப்புநீரிலிருந்து லிதியத்தைப் பிரிக்கும் பொருட்களைப் பற்றியது. எந்த நிறுவனமும் எனக்குக் காசு தரவில்லை. ஆனால் படிப்பு முடிந்து வேலை தேடும்போது நான் தட்டவேண்டிய கதவுகள் இந்தத் துறையில்தான் இருக்கு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கோ.

கீழே என்ன இருக்கு

மேல் ரைன் பள்ளத்தாக்கு பூமியின் ஓடு இழுபட்டு நடுவில் இறங்கிய ஒரு பிளவு. அதனால் வெப்பம் மற்ற இடங்களை விட மேற்பரப்புக்குக் கிட்ட இருக்கு. லண்டாவ், இன்ஸ்ஹைம் போன்ற இடங்களில் மூன்று கிலோமீற்றருக்குக் கீழே துளையிட்டால் 160 பாகை வெப்பத்தில் உப்புநீர் கிடைக்கும். லண்டாவில் 2007 இலிருந்தும், புரூக்சாலில் 2009 இலிருந்தும், இன்ஸ்ஹைமில் 2012 இலிருந்தும் இந்த நீரை மேலே எடுத்து, வெப்பத்தைப் பிரித்து, திரும்பக் கீழே அனுப்பும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. புரூக்சாலில் அந்த வெப்பம் பக்கத்திலுள்ள பொலிஸ் முகாமைச் சூடாக்குகிறது. எங்கட கூட்டில் இதுக்குச் சிரிப்பீர்கள் எண்டு தெரியும்.

அந்த நீரில் ஒரு லீற்றருக்கு நூறு கிராமுக்கு மேல் உப்புகள் கரைந்திருக்கு: சோடியம், கல்சியம், பொற்றாசியம், குளோரைட். லிதியம் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 160 முதல் 200 மில்லிகிராம். கடல்நீரோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு அதிகம். ஆனால் அதே நீரில் மற்ற உப்புகள் லிதியத்தை விட ஐநூறு மடங்குக்கு மேல் இருக்கு. ஐநூறு பேர் நெரிபடும் கோயில் வீதியில் ஒரு பிள்ளையைத் தேடிப் பிடிக்கிற வேலை அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிணற்றிலிருந்து விநாடிக்கு 80 லீற்றர் நீர் வருகுது, லீற்றருக்கு 180 மில்லிகிராம் லிதியம் எண்டு வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 1,240 கிலோ லிதியம் அந்தக் குழாயால் போகும். அதில் பத்தில் ஒன்பது பங்கைப் பிடிக்க முடிந்தால் ஏறத்தாழ 1,100 கிலோ. ஒரு மின்சாரக் காரின் பற்றரிக்கு எட்டுக் கிலோ லிதியம் எண்டால், ஒரு நாளைக்கு 140 கார். இவ்வளவு காலமும் மின்சாரத்துக்கும் வெப்பத்துக்குமாக மேலே வந்த நீரோடு இந்த லிதியமும் வந்து, திரும்பக் கீழே போய்க்கொண்டிருந்தது.

பிடிப்பது எப்படி

லிதியம் எடுக்க உலகில் இதுவரை பெரும்பாலும் பயன்பட்டவை இரண்டு வழிகள்.

ஒன்று, ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். சிலியின் அட்டக்காமா பாலைவனத்தில் நிலத்தடி உப்புநீரைப் பெரிய பாத்திகளில் விட்டு வெயிலில் காயவிடுவார்கள். வேண்டாத உப்புகள் ஒவ்வொன்றாகப் படிய, ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்து லிதியம் செறிந்த நீர் மிஞ்சும். வெயிலுக்குக் காசு இல்லை. ஆனால் உலகிலேயே மிக வறண்ட இடங்களில் ஒன்றில், நிலத்துக்குக் கீழிருந்த நீர் வானத்துக்குப் போய்விடுகிறது.

மற்றது கல். அவுஸ்திரேலியாவில் வெட்டும் ஸ்பொடுமீன் என்ற கனிமத்தை ஆயிரம் பாகைக்கு மேல் சூடாக்கினால்தான் அதன் படிக அமைப்பு தளர்ந்து லிதியம் வெளியே வரச் சம்மதிக்கும். பிறகு சல்பூரிக் அமிலத்தோடு திரும்பவும் சூடாக்க வேணும். இந்தச் சுத்திகரிப்பில் பெரும்பகுதி சீனாவில் நடக்கிறது.

மூன்றாவது வழியைத்தான் இங்கே செய்யப் பார்க்கிறார்கள்: நேரடி லிதியம் பிரித்தெடுப்பு. இதில் பல முறைகள் உண்டு. அலுமினியம் ஹைட்ரொக்சைட் படலங்களுக்கு இடையில் லிதியம் குளோரைட் போய் உட்காரக்கூடிய ஒரு பொருள் இருக்கு. சூடான உப்புநீரை அதன் மேல் ஓடவிட்டால் லிதியம் உள்ளே போகும். பிறகு நன்னீரால் கழுவினால் வெளியே வரும். அமிலம் தேவையில்லை. மங்கனீஸ், டைட்டேனியம் ஒக்சைட்டுகளால் செய்த சல்லடைகள் இன்னும் கூர்மையாகத் தெரிவுசெய்யும்; ஆனால் லிதியத்தைத் திரும்ப எடுக்க அமிலத்தால் கழுவவேணும், ஒவ்வொரு கழுவலிலும் மங்கனீஸ் சல்லடை கொஞ்சம் கரைந்துபோகும். கரைப்பான்களைப் பயன்படுத்தும் முறையும், மென்சவ்வுகளைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. பெரும்பாலும் கடைசியில் கிடைப்பது லிதியம் குளோரைட் கரைசல். அதைப் பற்றரிக்குத் தேவையான லிதியம் ஹைட்ரொக்சைட்டாக மாற்ற மின்சாரம் வேணும்.

இந்தப் பள்ளத்தாக்கில் முன்னால் நிற்கும் நிறுவனம் வல்கன் எனர்ஜி. அலுமினிய முறையை அது பயன்படுத்துகிறது. லண்டாவில் பரிசோதனை ஆலையை 2023 இல் திறந்தது. பிராங்பேர்ட்டின் ஹூக்ஸ்ட் தொழிற்பேட்டையில் ஹைட்ரொக்சைட் ஆக்கும் பகுதி. முதற்கட்டத்தில் வருடத்துக்கு 24,000 தொன், ஐந்து லட்சம் கார்களுக்குப் போதும் எண்டு சொல்கிறது. ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் பணமும் ஜேர்மன் அரசின் பணமும் இதற்குள் இருக்கு. இதைப் பிறகு திரும்பச் சொல்லுவேன்.

மனுவில் உண்மை இருக்கு

மனு எழுதியவர்கள் அறிவியல் தெரியாதவர்கள் எண்டு என்ர வகுப்பில் சிலர் சொல்லுவினம். அது திமிர். அவர்களின் பயங்களுக்குப் பின்னால் நடந்த சம்பவங்கள் இருக்கு.

2006 டிசம்பரில் பாசலில் புவிவெப்பக் கிணற்றுக்குள் அழுத்தத்தோடு நீர் செலுத்தியபோது 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2009 இல் லண்டாவில் 2.7. ஸ்ட்ராஸ்பேர்க்குக்குப் பக்கத்தில் வெண்டன்ஹைம் திட்டம் 2020 டிசம்பரில் அதிர்வுகளுக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. நிறுத்தியும் 2021 ஜூனில் 3.9 அளவில் அதிர்ந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஜேர்மன் வீடுகளிலும் வெடிப்பு விழுந்தது. "ஸ்டவுபன் நகரம் உடைந்தது" எண்டும் எல்லாரும் சொல்லுவினம். அது 2007 இல், நகரசபைக் கட்டடத்தைச் சூடாக்க 140 மீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டபோது நீர் கீழிருந்த கனிமப்படைக்குள் புகுந்து அதை ஊதவைத்த வேறு கதை. ஆனால் சுவர் வெடித்த வீட்டுக்காரருக்கு இந்த வித்தியாசம் ஆறுதல் தராது.

மனுவில் இல்லாத, நான் சேர்க்க விரும்புகிற மூன்று விசயங்களும் இருக்கு.

முதலாவது, கழிவு. இந்த நீரில் ரேடியம்-226, ஈயம்-210 போன்ற இயற்கைக் கதிரியக்கப் பொருட்கள் கொஞ்சம் உண்டு. நீர் குளிரும்போது குழாய்களுக்குள் படியும் செதிலில் அவை சேரும். அந்தச் செதிலைச் சுரண்டி எடுக்கிறவர் ஒரு தொழிலாளி. அனேகமாக ஒப்பந்தத் தொழிலாளி. எங்கட அப்பாமார் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னென்ன துப்புரவு வேலை செய்தவை எண்டு யோசித்துப் பாருங்கோ. யார் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்குவார் எண்டு ஊகிக்கலாம்.

இரண்டாவது, நன்னீர். அமிலம் தேவையில்லை எண்டு விளம்பரத்தில் வரும். கழுவ நன்னீர் தேவை எண்டு பெரிய எழுத்தில் வராது. எவ்வளவு நீர், அதில் எவ்வளவைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் எண்டதைப் பொறுத்துத்தான் இந்த முறை நல்லதா கெட்டதா எண்டு தீர்மானிக்கலாம். ஆய்வுகூடத்தில் கனபேர் நாங்களே கலக்கிய செயற்கை உப்புநீரில்தான் சோதிக்கிறம். உண்மையான நீரில் இரும்பும் சிலிக்காவும் வரும்போது அழகான வரைபடங்கள் அழகாக இருப்பதில்லை.

மூன்றாவது, திரும்பிப் போகும் நீர். லிதியம் எடுத்த நீரைக் கீழே அனுப்பினால், அது வருடக்கணக்கில் பாறை இடுக்குகளால் ஊர்ந்து எடுக்கிற கிணற்றுக்கே வந்து சேரும். அப்போது லிதியத்தின் செறிவு குறையும். எவ்வளவு வேகமாக எண்டது பாறையைப் பொறுத்தது. முதலீட்டாளருக்குக் காட்டும் முப்பது வருடக் கணக்கு ஒரு மாதிரிக் கணக்குத்தான்.

இந்தத் துறையில் தோல்விகளுக்கும் பஞ்சமில்லை. கலிபோர்னியாவின் சோல்ட்டன் கடல் அதுக்கு நல்ல உதாரணம். 1905 இல் கொலராடோ ஆறு பாசனக் கால்வாயை உடைத்துப் பாய்ந்ததால் உருவான ஏரி அது. அதன் கரையில் இருக்கும் உப்புநீர் இங்குள்ளதை விடச் சூடானது, இரண்டு மடங்கு உப்பானது. அங்கே உப்புநீரிலிருந்து துத்தநாகம் எடுக்கப் பெரிய ஆலை கட்டி 2004 இல் மூடினார்கள். பிறகு லிதியம் எடுக்க வந்த சிம்போல் நிறுவனத்தை டெஸ்லா விலைக்குக் கேட்டது. விற்பனை நடக்கவில்லை, 2015 இல் நிறுவனமே குலைந்தது. ஏரி வற்றி வற்றி, காய்ந்த அடித்தளத்தின் தூசு சுற்றியுள்ள விவசாயத் தொழிலாளர் ஊர்களுக்குள் போகிறது. அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அதிகம். "லிதியப் பள்ளத்தாக்கு" எண்ட பெயர் மட்டும் வந்துவிட்டது.

பிறகு ஏன் கையெழுத்திடவில்லை

இவ்வளவையும் எழுதிவிட்டு நான் ஏன் தடையை எதிர்க்கிறேன்? இரண்டு காரணம்.

முதற் காரணம், சேர்பியா. அங்கே ஜாடர் பள்ளத்தாக்கில் 2004 இல் ஒரு புதிய கனிமம் கண்டுபிடித்தார்கள். லிதியமும் போரானும் கலந்தது; ஆற்றின் பெயரால் ஜாடரைட் எண்டு பெயர் வைத்தார்கள். ரியோ டின்டோ நிலத்தடிச் சுரங்கம் வெட்டி, சல்பூரிக் அமிலத்தில் கரைத்து, வருடத்துக்கு 58,000 தொன் லிதியம் கார்பனேட் எடுக்கத் திட்டமிட்டது. விவசாயிகள் எதிர்த்தார்கள். நாடு முழுக்க வீதிகளை மறித்தார்கள். 2022 ஜனவரியில் அரசு அனுமதியை இரத்துச் செய்தது. 2024 ஜூலையில் அரசு திரும்ப அனுமதித்தது. சில நாட்களில், ஜூலை 19 ஆம் திகதி, ஜேர்மன் அதிபர் ஷொல்ஸ் பெல்கிரேட்டுக்கே போய்ப் பக்கத்தில் நிற்க, மூலப்பொருள் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதம் பல்லாயிரம் பேர் பெல்கிரேட் வீதியில். 2025 இல் ஐரோப்பிய ஒன்றியம், ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள தன் "மூலோபாயத் திட்டங்கள்" பட்டியலில் ஜாடரைச் சேர்த்தது. அதே வருடம் நவம்பரில் ரியோ டின்டோ திட்டத்தை இடைநிறுத்தியது. கைவிட்டது எண்டு யாரும் நம்பவேண்டாம்.

ஒன்றியத்தின் முக்கிய மூலப்பொருள் சட்டம் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2030 க்குள் தேவையில் 10 வீதத்தை உள்ளேயே அகழவும், 40 வீதத்தை உள்ளேயே பதப்படுத்தவும் அது இலக்கு வைக்கிறது. அப்போ மிச்ச அகழ்வு யாருடைய நிலத்தில்? ரைன் பள்ளத்தாக்கில் வைன் தோட்டமும் வழக்கறிஞரும் உள்ள மக்கள் "இங்கே வேண்டாம்" எண்டு சொல்லி வெல்லலாம். இங்கே கார் விற்பனை அதனால் ஒன்றும் குறையாது. லிதியம் ஜாடரிலிருந்தோ அட்டக்காமாவிலிருந்தோ வரும். மனு அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. லிதியத்தின் தேவையையே குறைக்க வேணும், பேருந்தும் ரயிலும் வேணும், இரண்டு தொன் மின்சாரக் கார் வேண்டாம் எண்டு அந்த மனு சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். அதுவும் இல்லை. அதில் இருக்கிறது வீட்டின் விலையும் நிலக்காட்சியும்தான்.

இரண்டாவது காரணம், வெப்பம். மனு லிதியத்தோடு சேர்த்துப் புவிவெப்பத்தையும் தடைசெய்யச் சொல்கிறது. அம்மாவும் அப்பாவும் இந்தப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் ஒரு சிறு நகரில் எரிவாயுவால் சூடாக்கும் வாடகை வீட்டில் இருக்கினம். 2022 இல் எரிவாயு விலை ஏறியபோது வருட முடிவில் வந்த கணக்கைப் பார்த்து அம்மா அறைகளை மூடிவைக்கத் தொடங்கினா. "ஒரு அறை சூடாயிருந்தால் போதும், ரெண்டு பேர்தானே" எண்டு சொன்னா. இப்பவும் அப்பிடித்தான். நிலத்துக்குக் கீழே நூற்று அறுபது பாகையில் நீர் கிடக்குது. அதை எரிக்கவும் தேவையில்லை, ரஷ்யாவிடமோ கட்டாரிடமோ கேட்கவும் தேவையில்லை. குழாய் வழியாக வீடுகளுக்கு வெப்பம் கொண்டுபோனால் வாடகைக்காரருக்கு அது மலிவாக வரக்கூடும். "வரக்கூடும்" எண்டுதான் சொல்கிறேன். குழாய் யாருடையது எண்டதில்தான் அது தங்கியிருக்கு.

மியூனிக்கைப் பாருங்கோ. அங்கே புவிவெப்பத்தை வீடுகளுக்குக் கொண்டுபோவது நகரசபைக்குச் சொந்தமான நிறுவனம். ரீம் பகுதியில் 2004 இலிருந்து நடக்குது. அங்குள்ள ஆழ்நீரில் உப்புக் குறைவு, எடுக்கக்கூடிய லிதியம் இல்லை. அதனால் பங்குச்சந்தைக்கும் அதில் ஆசை வரவில்லை. இங்கே லிதியம் இருக்கு. அதனால்தான் கிணறு தோண்டத் தனியார் காசு வருகுது, வெப்பம் பக்கவிளைவாகப் போகுது. லிதியத்தின் விலை 2022 முடிவில் இருந்த உச்சத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் எண்பது வீதத்துக்கு மேல் விழுந்தது. நாளைக்கு இன்னும் விழுந்து நிறுவனம் மூடினால், அதன் கிணற்றை நம்பிக் குழாய் இழுத்த வீடுகளுக்கு என்ன நடக்கும்? தோழர்களே, இடதுசாரிகள் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். "வேண்டுமா வேண்டாமா" எண்ட வாக்கெடுப்பில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

சட்டம் எங்களுக்கு என்ன தருகிறது

ஜேர்மன் சுரங்கச் சட்டத்தின்படி புவிவெப்பமும் லிதியமும் நிலத்தின் சொந்தக்காரருக்குச் சொந்தமில்லை. மேலே வைன் தோட்டம் வைத்திருப்பவருக்கு மூன்று கிலோமீற்றர் கீழே உரிமை இல்லை. அனுமதி கொடுப்பது அரசு. அதாவது, கொள்கையளவில் அது ஏற்கெனவே பொதுச் சொத்து. பொதுச் சொத்தை ஒரு பங்கு நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது என்ன வாங்குகிறோம் எண்டதுதான் பிரச்சினை.

அதே சட்டம், எடுக்கும் பொருளின் சந்தை மதிப்பில் 10 வீதம் மாநிலத்துக்குக் கட்டவேணும் எண்டு பொது விதியாகச் சொல்கிறது. ஆனால் மாநில அரசு விரும்பினால் அதைக் குறைக்கலாம், விலக்கவும் செய்யலாம். இதைப் பற்றி எத்தனை பேர் கதைக்கிறோம்? நிலநடுக்கத்தைப் பற்றி நூறு கூட்டம் நடக்குது. பத்து வீதத்தைப் பற்றி நான் ஒரு கூட்டமும் கேள்விப்படவில்லை.

கலிபோர்னியாவில் இதுக்குச் சண்டை பிடித்தார்கள். 2022 இல் நிறைவேற்றி 2023 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த சட்டம், உப்புநீரிலிருந்து எடுக்கும் லிதியத்துக்கு வரி போடுகிறது: முதல் 20,000 தொன்னுக்குத் தொன்னுக்கு 400 டொலர், அடுத்த 10,000 க்கு 600, அதுக்கு மேல் 800. அதில் 80 வீதம் லிதியம் எடுக்கும் மாவட்டத்துக்குத் திரும்பிப் போகும், மிச்சம் சோல்ட்டன் கடலைச் சீர்படுத்த. நிறுவனங்கள் கத்தின. ஆனால் கணக்குப் போட்டால், ஒரு தொன் 10,000 டொலருக்கு விற்றால் 400 டொலர் எண்டது 4 வீதம். 80,000 டொலருக்கு விற்றால் அரை வீதம். விலை ஏற ஏற மக்களின் பங்கு சுருங்கும். எங்கட சட்டத்தில் இருக்கிற பத்து வீதம் விலையோடு சேர்ந்து ஏறும். அது அதைவிட நல்லது. ஆனால் அங்கே காசு ஊருக்குப் போகுது, இங்கே மாநிலத்தின் கஜானாவுக்கு. இரண்டிலும் உள்ள நல்லதைச் சேர்த்துக் கேட்க எங்களை யார் தடுத்தது?

போராடினால் சட்டம் மாறும் எண்டதுக்கு இங்கேயே சாட்சி இருக்கு. நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளில் வீடு வெடித்தால், சுரங்கத்தால் வெடிக்கவில்லை எண்டு நிறுவனம்தான் காட்டவேணும். வீட்டுக்காரர் நிரூபித்துக்கொண்டு திரியத் தேவையில்லை. 2016 இல் இந்தப் பொறுப்பை ஆழ்துளைக் கிணறுகளுக்கும் விரித்தார்கள். முன்பு லண்டாவ் மக்களுக்கு இல்லாத பாதுகாப்பு அது.

மன்னாரைக் கேட்ட தோழருக்கு

சந்திப்பில் ஒரு தோழர் கேட்ட கேள்வி என்னை அன்றிரவு நித்திரை கொள்ள விடவில்லை. "மன்னாரில இல்மனைட் மண் அகழ வேண்டாம் எண்டு நாங்கள் பதாகை பிடிச்சம். இப்ப ஜேர்மனியில லிதியம் எடுக்கலாம் எண்டு சொல்லப்போறமோ? அங்க வேண்டாம், இங்க வேணுமோ?"

நியாயமான கேள்வி. முதலில் இரண்டும் ஒரே வேலை இல்லை. மன்னார் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கிற தட்டையான தீவு. மணலுக்குள் மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படையில்தான் அங்கத்தைய கிணறுகள் வாழுது. அந்த மணலையே கிண்டுகிறது கனிம மணல் அகழ்வு. ரைனில் மூன்று கிலோமீற்றருக்குக் கீழிருந்து எடுத்த நீர் திரும்ப அங்கேயே போகுது. ஆபத்து ரெண்டிலும் உண்டு, அளவு ஒன்றில்லை.

ஆனால் நான் இந்தத் தொழில்நுட்ப விடைக்குப் பின்னால் ஒளிக்க விரும்பவில்லை. மன்னாரில் நாங்கள் மக்களோடு நிண்டது இல்மனைட் கெட்ட கனிமம் எண்டதால் இல்லை. அந்த மக்களிடம் ஒருவரும் கேட்காமல், அறிக்கையும் விளங்குகிற மொழியில் காட்டாமல், "அபிவிருத்தி" எண்டு கொண்டுவந்து இறக்கியதால். அவர்கள் வேண்டாம் எண்டு சொன்னார்கள், அதோடு முடியவேணும். ஜாடர் மக்களும் அதைத்தான் சொன்னார்கள். ரைன் பள்ளத்தாக்கு மக்கள் எல்லாத் தரவையும் பார்த்தபிறகு, வாடகைக்காரரும் தொழிலாளரும் சேர்ந்து, வேண்டாம் எண்டு முடிவெடுத்தால் நானும் அந்தப் பக்கம் நிற்பேன். என்ர வேலை போனாலும் பரவாயில்லை. இப்போதைய மனு அப்படியான முடிவு இல்லை. அது சொந்த வீடு உள்ளவர்களின் முடிவு. சூடாக்கும் கணக்கைப் பார்த்து அறையை மூடுகிறவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

நான் முன்வைப்பது

மனுவில் கையெழுத்திடாமல் பேசாமல் இருப்பதும் சரியில்லை. எங்கட பெயரில், தமிழிலும் ஜேர்மனிலும் ஒரு அறிக்கை எழுதுவோம். அதில் இவற்றைக் கேட்போம்:

– லிதியத்துக்கான பத்து வீதத்தில் மாநிலங்கள் ஒரு சதமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதில் பெரும்பங்கு கிணறு இருக்கும் ஊர்களுக்கு வரவேணும்.

– பொதுப்பணம் போகிற திட்டத்தில் பொதுப்பங்கும் இருக்கவேணும். வெப்பக் குழாய்கள் நகரசபைகளுக்குச் சொந்தமாக வேணும். லிதிய விலை விழுந்தாலும் கிணற்றைப் பொறுப்பெடுக்கும் உரிமை நகரசபைக்கு வேணும்.

– அதிர்வு, நன்னீர்ப் பாவனை, செதில் கழிவு, நீரிலுள்ள லிதியச் செறிவு ஆகிய நான்கின் அளவீடுகளும் மாதாமாதம் எல்லாரும் பார்க்கும்படி வெளிவர வேணும். இவை எல்லாம் எப்படியும் அளக்கிற விசயங்கள்தான். மறைக்க வேண்டிய தொழில் இரகசியம் அந்த உறிஞ்சும் பொருளில் மட்டும்தான் இருக்கு.

– குழாய்ச் செதில் துப்புரவு செய்கிறவர்கள் நிறுவனத்தின் நேரடித் தொழிலாளராக, கதிரியக்க அளவுப் பதிவோடு வேலை செய்யவேணும்.

– ஜேர்மன் குடிமக்களுக்கு இருக்கிற எதிர்க்கும் உரிமை ஜாடர் விவசாயிக்கும் வேணும். அங்கே மக்கள் மறுத்த திட்டத்திலிருந்து இங்குள்ள எந்த நிறுவனமும் வாங்கக் கூடாது.

கடைசிக் கோரிக்கை நடக்காது எண்டு சிலர் சொல்லுவீர்கள். நடக்காமல் போகலாம். ஆனால் அதைச் சேர்க்காமல் நாங்கள் எழுதுகிற எதுவும் "என்ர வீட்டுக்குப் பக்கத்தில வேண்டாம்" எண்ட மனுவின் இன்னொரு வடிவம்தான்.

அடுத்த சந்திப்பில் இந்த வரைவை முன்வைக்கிறேன். வெட்டுங்கோ, கூட்டுங்கோ. ஜேர்மனியில் இருக்கிற தோழர்கள் ஒரு வேலை செய்தால் நல்லது: உங்கட வீட்டைச் சூடாக்குகிறது எரிவாயுவா, எண்ணெயா, குழாய் வெப்பமா, போன வருடம் எவ்வளவு கட்டினீர்கள் எண்டதைப் பார்த்துக்கொண்டு வாங்கோ. அந்தக் கணக்கை மேசையில் வைத்துக்கொண்டு கதைப்போம்.